விஸ்லர் பார்க்குக்கு டவுன்ஹில் டயர்: எதைப் பார்த்து வாங்குறது?

பர்னபி பாலா

எல்லாருக்கும் வணக்கம். நான் கோயமுத்தூர்க்காரன், கனடாவுல வான்கூவர் பக்கத்துல இருக்கிற பர்னபிக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. போன கோடையில ஆபீஸ் நண்பர்களோட விஸ்லர் பைக் பார்க்குக்கு, அதாவது லிஃப்ட்ல மேலே போய் சைக்கிள்ல இறங்குற மலைக்கு, நாலு தடவை போனேன். நாலு தடவையும் வாடகை வண்டி. இந்தக் குளிர்காலத்துல ஒருத்தர்கிட்ட இருந்து பழைய டவுன்ஹில் வண்டி ஒன்னு வாங்கிட்டேன். முன்னாடி 29 இன்ச் சக்கரம், பின்னாடி 27.5, முன்னாடி அதிர்ச்சி தாங்குற ஃபோர்க் 200 மில்லிமீட்டர். வண்டி அருமையா இருக்கு. டயர்தான் பிரச்சினை.

வாங்கும்போது டயர் மேல துருத்திக்கிட்டிருக்கிற ரப்பர் பட்டன் எல்லாம் உயரமா, தேயாம இருந்துச்சு. அதனால மாத்தாம அப்படியே ஓட்டினேன். பார்க் திறந்த ரெண்டாவது வாரம், ராத்திரி மழை பெஞ்சு ஓஞ்ச ஒரு சனிக்கிழமை. பி-லைன்ங்கிற பாதையில ரெண்டு ரவுண்டு போனப்போ ஒன்னும் தெரியலை. மூணாவது ரவுண்டுல நண்பர்கள் ஷ்லேயர்ங்கிற இன்னொரு பாதைப் பக்கம் திரும்பினாங்க, நானும் பின்னாடியே போனேன். ஒரு வளைவுல குறுக்கே ஒரு வேர். என் மணிக்கட்டு தடிமன்தான் இருக்கும், பட்டை உரிஞ்சு வழவழன்னு ஈரமா கிடந்துச்சு. முன்சக்கரம் அது மேல ஏறினதும் ஒரு முழம் பக்கவாட்டுல போயிடுச்சு. கால் ஊனித் தப்பிச்சேன். அதுக்குக் கீழே பாறைங்க. பின்னாடி "டொக்"னு ஒரு சத்தம், ரிம் கல்லுல அடிச்ச சத்தம்னு அப்பவே தெரிஞ்சுது. அடுத்த நிமிஷமே, ஓட்டையை அடைக்க டயருக்குள்ள ஊத்தியிருக்கிற சீலன்ட் என் கெண்டைக்கால்ல பீச்சி அடிக்குது. நிறுத்திப் பார்த்தா, ரிம்முக்கு ஒரு விரக்கடை மேல டயர்ல பக்கத்துல பக்கத்துல ரெண்டு வெட்டு. அதுக்கு நேரா ரிம் விளிம்பு உள்ளே மடங்கியிருக்கு. வெட்டுல ரப்பர் பிளக் குத்திப் பார்த்தேன், நிக்கலை. மிச்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கிட்டே இறங்கினேன்.

அடுத்த வாரம் ஒரு கடைக்குப் போனேன். மேக்சிஸ் கம்பெனியோட அசகாய்னு ஒரே பேர்ல வரிசையா தொங்குது: எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள் டவுன், டி.எச். (டவுன்ஹில்). அதுக்குள்ளயும் மேக்ஸ்டெரா, மேக்ஸ்கிரிப்னு வேற. பக்கத்துல ஷ்வால்பே கம்பெனி: சூப்பர் டிரெயில், சூப்பர் கிராவிட்டி, சூப்பர் டவுன்ஹில், மேல ஆரஞ்சுக் கோடு, ஊதாக் கோடு. கடையில இருந்தவர் "விலை அதிகமானதை எடுங்க, தப்பாகாது"ன்னார். எதுக்காக அது விலை அதிகம்னு கேட்டேன், அவரால சொல்ல முடியலை. ஒன்னும் வாங்காம வந்துட்டேன்.

என் எடை 82 கிலோ. ஹெல்மெட், பேட், தண்ணி எல்லாம் சேர்த்தா 87. ரிம் உள் அகலம் 30 மில்லிமீட்டர். பெடல் மிதிச்சு ஏறப்போறதில்லை, லிஃப்ட் மட்டும்தான். ஒரு டயர் நூறு டாலருக்கு மேல போகுது. இந்த சீசனுக்கு ரெண்டு வாங்கலாம், தப்பா வாங்கிட்டு மறுபடி வாங்க வசதி இல்லை. எதை முதல்ல பார்க்கணும்? பட்டன் டிசைனா, ரப்பரா, அகலமா? காத்து எவ்வளவு வைக்கணும்?

வான்கூவர் வேலு

நண்பா, ரெண்டு பக்கமும் அசகாய் போட்டுட்டு வேலையைப் பாருங்க. லிஃப்ட் வரிசையில நிக்கிறப்போ முன்னாடி நிக்கிற வண்டிகளைக் கவனிங்க, எங்க பார்த்தாலும் அதான். இத்தனை பேர் போடுறாங்கன்னா காரணம் இருக்கும்.

ஸ்குவாமிஷ் சேகர்

பாலா தம்பி, நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. அந்த ரெண்டு வெட்டும் மடங்கின ரிம்மும் ஒரு கதை சொல்லுது, அந்த வேர் இன்னொரு கதை சொல்லுது. ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

வேலு சொன்னது நல்ல டயர்தான், நானே முன்னாடி அதைத்தான் போட்டிருக்கேன். ஆனா பேரை மட்டும் சொல்லி வாங்கினா மெல்லிய கேசிங்லயும் (டயரோட உள் துணி) அதே பேர்ல டயர் கிடைக்கும். அதை மாட்டினா அடுத்த சனிக்கிழமையும் வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் இறங்குவீங்க.

நான் கூடலூர்க்காரன். ஸ்குவாமிஷ்ல பன்னெண்டு வருஷமா இருக்கேன், வீட்டு கேரேஜ்ல நம்ம ஆளுங்க வண்டிகளுக்கு வேலை பார்க்கிறேன். டயர் மாத்த வர்றவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி பட்டன் பத்தித்தான். கண்ணுக்குத் தெரியுறது அது ஒன்னுதானே. கீழே தள்ளுறதும் காப்பாத்துறதும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ரெண்டு விஷயம்: டயருக்குள்ள இருக்கிற துணி, மேல இருக்கிற ரப்பரோட குணம். முதல்ல கேசிங், அடுத்து ரப்பர், அப்புறம்தான் பட்டன். இந்த வரிசையை மாத்தாதீங்க.

கேசிங்ல இருந்து வர்றேன். டயரோட உடம்பு நைலான் நூல் துணி, அதுக்கு மேலதான் ரப்பர். எக்ஸோ வகையில பக்கச்சுவர்ல ஒரு அடுக்குத் துணியும் வெட்டு படாம இருக்க ஒரு பாதுகாப்புப் பட்டையும் இருக்கும். டபுள் டவுன்ல ரெண்டு அடுக்கு, அங்குலத்துக்கு 120 நூல் இருக்கிற மெல்லிய நூல் துணி. டி.எச்.லயும் ரெண்டு அடுக்குதான், ஆனா அங்குலத்துக்கு 60, தடிச்ச நூல். உங்க பின் டயர் கல்லுல மோதினப்போ காத்து தாங்கலை, டயர் முழுசா நசுங்கி, கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவுல பக்கச்சுவர் சிக்கிக்கிச்சு. கத்திரிக்கோல்ல வெச்ச மாதிரி. அதுதான் அந்த வெட்டு. டியூப் இல்லாத டயர்ல பஞ்சர் ஆகாதுன்னு பலர் நினைக்கிறாங்க. முள்ளு குத்தினா சீலன்ட் அடைச்சிடும், இந்த மாதிரி வெட்டை அது அடைக்காது.

கடையில டயரைக் கையில எடுத்து, பக்கச்சுவரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு மடிச்சுப் பாருங்க. ஒத்தை அடுக்குன்னா செருப்பு வார் மாதிரி சுலபமா மடங்கும். டி.எச். கேசிங் மடங்க மறுக்கும், விரல் வலிக்கும். எடையிலயும் தெரியும்: 29-க்கு 2.5 அளவுல ஒத்தை அடுக்கு டயர் ஒரு கிலோவை ஒட்டி நிக்கும், டி.எச். 1.3 கிலோ வரைக்கும், அதுக்கு மேலயும் போகும். மிதிச்சு ஏறுறவங்களுக்கு அது பாரம். உங்களை ஃபிட்சிம்மன்ஸ் லிஃப்ட் தூக்கிட்டுப் போகுது, அந்த முன்னூறு கிராமுக்கு நீங்க ஏன் கவலைப்படணும்? 87 கிலோவுக்கு, அந்தப் பாறைகளுக்கு, பின்னாடி டி.எச். கேசிங்தான். இதுல பேரமே கிடையாது.

அந்தத் தடிச்ச கேசிங்ல இன்னொரு லாபமும் இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. வளைவுல வண்டியைச் சாய்ச்சு அழுத்தும்போது மெல்லிய டயர் ரிம்முக்கு அடியில ஒரு பக்கமா ஒதுங்கும். சக்கரம் ஒரு வழி, வண்டி ஒரு வழின்னு மிதக்குற மாதிரி இருக்கும். ரெண்டு அடுக்கு டயர் காத்து குறைவா இருந்தாலும் நிமிர்ந்து நிக்கும். விஸ்லர்ல ஏ-லைன் பாதை மாதிரி மண் அணைச்ச பெரிய வளைவுகள்ல இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.

இப்போ அந்த வேருக்கு வர்றேன். ஈர வேர்ல பட்டன் எதையும் கடிக்க முடியாது. மண்ணுல பட்டன் இறங்கும். வேர்லயும் பாறையிலயும் இறங்க இடமே இல்லை, ரப்பர் மட்டும்தான் ஒட்டணும். நீங்க வாங்கின பழைய டயர்ல பட்டன் தேயாம இருந்ததைப் பார்த்து ஏமாந்துட்டீங்க. நானும் அப்படி ஏமாந்திருக்கேன். 2017 ஆகஸ்ட்ல, வண்டியோட வந்த டயரை மாத்தாம விஸ்லர்ல கார்பான்சோங்கிற மேல் பகுதிக்குப் போயிட்டேன். பட்டன் புத்தம் புதுசு, ரப்பர் கட்டை மாதிரி. அங்க கோட்ஸ் கல்லிங்கிற பாதையில குறுக்கு வேர் ரெண்டு அடுத்தடுத்து. முதல் வேர்ல முன்சக்கரம் நகர்ந்துச்சு, ரெண்டாவதுல அடியோட போச்சு. வலது தோள் மேல விழுந்தேன். காலர் போன் ரெண்டா உடைஞ்சு, தோல் கூடாரம் மாதிரி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. ஆறு வாரம் கையைத் தூக்க முடியலை. சம்சாரம்தான் சட்டை மாட்டி விட்டாங்க. அன்னையில இருந்து முன் டயர்ல நான் காசு பார்க்கிறதில்லை.

வீட்டுல இருக்கிற டயர்ல இன்னைக்கே இதைச் செஞ்சு பாருங்க. ஓரத்துப் பட்டன் ஒன்னை விரலால ஒரு பக்கமா நல்லா சாய்ச்சுப் பிடிச்சு, சட்டுனு விடுங்க. கடினமான ரப்பர்னா படக்குனு நிமிர்ந்துடும். நல்ல டவுன்ஹில் ரப்பர் சோம்பல் முறிக்கிற மாதிரி மெதுவா நிமிரும், கண்ணால பார்க்கலாம். படக்குனு நிமிர்ற ரப்பர் வேர் மேலயும் அப்படித்தான், பட்டதும் துள்ளி விலகிடும். மெதுவா நிமிர்றது அந்த வேரோட மேடு பள்ளத்துல உக்காந்து ஒட்டிக்கும். மென்மைக்கு ஷோர் ஏ-ன்னு ஒரு அளவு இருக்கு, எண் குறைய குறைய மென்மை கூடும். மேக்சிஸோட பழைய சூப்பர் டாக்கி ரப்பர் 42, சாதா ரப்பர் 60. இப்போ மேக்சிஸ்ல மேக்ஸ்கிரிப்தான் ரொம்ப மென்மை, மேக்ஸ்டெரா நடுத்தரம். ஷ்வால்பேல நீங்க பார்த்த ஊதாக் கோடு அல்ட்ரா சாஃப்ட், ஆரஞ்சு சாஃப்ட். குளிர்ல எல்லா ரப்பரும் இறுகும். மே மாசக் காலையில மேல போறவங்களுக்கு மென்மையான ரப்பர் இன்னும் அவசியம்.

முன்னாடி மேக்ஸ்கிரிப் கட்டாயம். பின்னாடியும் அதையே போடலாம், ஆனா சீக்கிரம் தேயும். பின் டயர் பிரேக்ல இழுபடுது, அதான் காரணம். ஒரே அளவு சக்கரம் இருக்கிறவங்க தேஞ்ச முன் டயரைப் பின்னாடி மாத்திக்கிட்டு, முன்னாடி புதுசு போடுவாங்க. உங்களுக்கு முன்னாடி 29, பின்னாடி 27.5, அந்த வழி இல்லை. அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

பட்டன் விஷயம் கடைசியா. மேக்சிஸோட மினியன் டி.எச்.எஃப். இருபது வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டிருக்கிற டயர். நடு வரிசைக்கும் ஓர வரிசைக்கும் இடையில வெறும் பள்ளம் ஒன்னு இருக்கும். வண்டியை முழுசா சாய்ச்சா ஓரப் பட்டன் அப்படியே கடிக்கும். அரைகுறையா சாய்ச்சா அந்தப் பள்ளத்துல நின்னு கொஞ்சம் வழுக்கும். சாய்க்கத் தெரிஞ்சவங்களுக்கு அது தங்கம். அசகாய் தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மின்னாரோட பேர்ல வந்த டயர், அசகாய்னா அந்த ஊர் ஈட்டி. அதுல அந்தப் பள்ளத்தை இடைப் பட்டன் போட்டு நிரப்பியிருக்காங்க. பாதி சாய்ச்சாலும் பிடிக்கும், பயந்து நிமிர்த்தினாலும் பிடிக்கும். நாலு தடவை மட்டும் பார்க்குக்குப் போன உங்களுக்கு முன்னாடி அசகாய் 29-க்கு 2.5, டி.எச். கேசிங், மேக்ஸ்கிரிப்.

பின்னாடி மினியன் டி.எச்.ஆர். 2, 27.5-க்கு 2.4. அதுல நடுப் பட்டன் துடுப்பு மாதிரி அகலமா நிக்கும், பிரேக் பிடிச்சா மண்ணை வாரிப் பிடிக்கும். ரெண்டுலயும் டபிள்யூ.டி.ன்னு (அகல ரிம்முக்கான வடிவம்) போட்டிருக்கிறதைப் பார்த்து எடுங்க, உங்க 30 மில்லிமீட்டர் ரிம்முக்கு ஏத்தது அது. அதே தரத்துல ஷ்வால்பே கிடைச்சா முன்னாடி மேஜிக் மேரி, பின்னாடி பிக் பெட்டி, சூப்பர் டவுன்ஹில் கேசிங். எந்தக் கம்பெனின்னு சண்டை போட வேண்டாம், கேசிங்கும் ரப்பரும் சரியா இருந்தா போதும்.

காத்து: முன்னாடி 24, பின்னாடி 28 பி.எஸ்.ஐ.ல ஆரம்பிங்க. தரையில வெச்சு அடிக்கிற பம்ப்புல இருக்கிற முள்ளை நம்பாதீங்க, இவ்வளவு குறைஞ்ச அளவுல அது ரெண்டு மூணு எண் தப்பாக் காட்டும். காத்து அளக்குற சின்ன டிஜிட்டல் கேஜ் ஒன்னு வாங்குங்க. ஒரு ரவுண்டு போயிட்டு ஒரு எண் குறைங்க. ரிம் கல்லுல தட்டுற சத்தம் கேட்டாலோ, வளைவுல டயர் ஒதுங்குற மாதிரி இருந்தாலோ ஒரு எண் ஏத்துங்க. அந்த எண்ணை ஒரு சின்ன டேப்புல எழுதி ஃபிரேம்ல ஒட்டிடுங்க. எப்பவும் ஒரே இடத்துல அளக்கணும். கிராமத்துல இருந்து மேலே போனா வெளிக்காத்து அழுத்தம் குறையும், குளிரும் கூடும், கேஜ் காட்டுறது மாறும்.

சுவிஸ் சிவா

வணக்கம் தம்பி. நான் சுவிஸில இருக்கிறன், கனக்க லென்சர்ஹைடவிலதான் ஓடுறனான். 2018 இல உலகச் சம்பியன் போட்டி நடந்த மலை. சேகர் அண்ணை சொன்ன வரிசை முழுக்கச் சரி, ஒண்டு மட்டும் சேர்க்கிறன்.

இஞ்ச கல்லு சரியான கூர். டபுள் கேசிங் ரயர் போட்டும் போன வருசம் என்ர பின் ரிம் ரெண்டு தரம் அடிபட்டது. பேந்துதான் ரயருக்குள்ள ஃபோம் வளையம் போட்டனான். ஒரு சக்கரத்துக்கு 250 கிராம் அளவில வரும். கல்லு அடிக்கேக்க ரிம்முக்கு முதல் அந்த ஃபோம் அடியை வாங்கும். காத்து முழுக்கப் போனாலும் மெதுவா இறங்கி வரலாம். பூட்டுறதுதான் கொஞ்சம் கஷ்டம், கை நோகும். உங்களுக்கு இப்பவே தேவை எண்டு சொல்லேல்ல. முதல் ரயரை மாத்துங்கோ, அப்பவும் ரிம் அடிபட்டா பின்னுக்கு மட்டும் ஒண்டு போடுங்கோ.

காத்துப் போன ரயரில இறங்கிறது எப்பிடி இருக்கும் எண்டு பாக்கோணும் எண்டா, 2014 இல ஒஸ்ரியாவில நடந்த லியோகாங் போட்டியில அமெரிக்க வீரர் ஏரன் குவின் ஓடினதைத் தேடிப் பாருங்கோ. பின் ரயர் போய், வெறும் ரிம்மில மலை முழுக்க இறங்கினவர். மின்னாரும் 2013 இல சொந்த நாட்டில, பீற்றர்மரிற்ஸ்பேர்க்கில, பின் ரயர் காத்துப் போன நிலையில முடிச்சு உலகச் சம்பியன் ஆனவர். அவையள் அந்தளவு கெட்டிக்காரர். எங்களுக்கு ரயர்தான் துணை.

நான் இப்ப ஓடுறது கொன்ரினென்ரல் கொம்பனியின்ர கிரிப்டோரல் ரயர். முன்னுக்கு வேற, பின்னுக்கு வேற எண்டு ஒரே பேரில ரெண்டு வடிவம் வரும், மாறி வாங்கிப் போடாதேங்கோ. டவுன்ஹில் கேசிங், சூப்பர் சொஃப்ற் எண்டு எழுதியிருக்கோணும். எனக்கு வடிவா ஒத்து வந்திருக்கு.

பர்னபி பாலா

சேகர் அண்ணா, சிவா அண்ணா, ரொம்ப நன்றி. அண்ணா சொன்ன மாதிரி ஓரப் பட்டனைச் சாய்ச்சு விட்டுப் பார்த்தேன். கண்ணிமைக்குறதுக்குள்ள நிமிர்ந்துடுச்சு. நண்பரோட வண்டியில அதே மாதிரி செஞ்சேன், அவரோடது மெதுவா, ஒரு மூச்சு விடுற நேரத்துல நிமிருது. ரெண்டு டயரையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா அவரோடதுதான் அதிகம் தேஞ்சிருக்கு! பார்வைக்கு என்னோடது புதுசு. இத்தனை நாள் தப்பான விஷயத்தைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்.

பக்கச்சுவர்ல எழுதியிருக்கிறதையும் படிச்சேன். டி.எச்.ன்னோ ரெண்டு அடுக்குன்னோ எங்கயும் இல்லை. இது காட்டுப் பாதையில மிதிச்சு ஓட்டுறவங்களுக்கான டயர். வித்தவர் வண்டியோட நல்ல டயரைக் கழட்டி வெச்சுக்கிட்டு இதை மாட்டி வித்திருக்கார்னு நினைக்கிறேன். நான் கேட்டிருக்கணும்.

இன்னும் ரெண்டு கேள்வி. ஜூன்ல மழை பிடிச்சா சேத்துக்குன்னு தனி டயர் வேணுமா? மடங்கின ரிம்மை மாத்தணுமா, அப்படியே ஓட்டலாமா?

குயின்ஸ்டவுன் கௌரி

பாலா, உங்களுக்குச் சொன்னது உங்களுக்குச் சரி. ஆனா இதைப் படிக்கிற பெண்களும், எடை குறைவான பசங்களும் அந்த எண்களை அப்படியே எடுத்துக்காதீங்க. அதுக்காகத்தான் எழுதுறேன்.

நான் 54 கிலோ. நியூசிலாந்துல ஸ்கைலைன் கொண்டோலா ஏறித்தான் ஓட்டுறேன். ஆரம்பத்துல இங்க எல்லா ஆம்பிளைங்களும் சொன்னதைக் கேட்டு முன்னாடி பின்னாடி ரெண்டும் டி.எச். கேசிங், காத்து 25, 28. ஒரு சீசன் முழுக்க கை மரத்துப் போச்சு. பிரேக் பிடிச்சுப் பிடிச்சு உண்டான குழிகள்ல வண்டி குதிரை மாதிரி உதைச்சுது. எனக்குத்தான் கையில பலம் போதலைன்னு நினைச்சு ஜிம்முக்குப் போனேன். உண்மையில அந்தக் கேசிங் நசுங்குற அளவுக்கு என் எடை இல்லை. டயர் நசுங்கினாத்தான் தரையை அணைச்சுக்கும். என் அடியில அது மரக்கட்டை மாதிரி உருண்டுக்கிட்டிருந்துச்சு.

இப்போ முன்னாடி டபுள் டவுன், 19 பி.எஸ்.ஐ. பின்னாடி டி.எச்., 22. ரப்பர் ரெண்டும் மேக்ஸ்கிரிப், அதுல நான் விட்டுக் கொடுக்கலை. கை வலி போயிடுச்சு, ரிம் ஒரு தடவை கூட அடிபடலை. ஜனவரி மாசம் இங்க மண்ணு மாவு மாதிரி ஆகிடும், கணுக்கால் வரைக்கும் புதையும். அதுலயும் முன் டயர் பிடிக்குது.

கடைக்காரரோ நண்பரோ டயர் சொல்லும்போது அவங்க எடை என்னன்னு முதல்ல கேளுங்க. எடை தெரியாம சொல்ற காத்து அளவுக்கு அர்த்தமே இல்லை.

ஸ்குவாமிஷ் சேகர்

கௌரி சொன்னதை நான் முதல்லயே எழுதியிருக்கணும். என் பொண்ணு 48 கிலோ, அவளுக்கு நான் டபுள் டவுன்தான் போட்டிருக்கேன், பின்னாடியும். இங்க எழுதும்போது பாலாவோட 87 கிலோவை மட்டும் மனசுல வெச்சு எழுதிட்டேன். நன்றிம்மா.

பாலா, சேத்து டயர் இப்போ வேண்டாம். மேக்சிஸ் ஷார்ட்டி மாதிரி டயர்ல பட்டன் உயரமா, தள்ளித் தள்ளி இருக்கும். நம்ம கூடலூர் தேயிலைத் தோட்டத்துல மழைக்குப் பிறகு இருக்கிற மாதிரி மெத்துனு மண் இருந்தா ஈட்டி மாதிரி இறங்கும். விஸ்லர் பாதைகள்ல அடிமண் கெட்டி, நடுவுல பாறையும் வேரும். கெட்டித் தரையில அந்த உயரப் பட்டன் மடங்கி வழுக்கும். பந்தயக்காரங்க அந்தப் பட்டனைக் கட்டர் வெச்சுப் பாதியா வெட்டிப் போடுறதே இதனாலதான். நீங்க வேர்ல வழுக்கினது சேறால இல்லை, ரப்பரால. அசகாய் மேக்ஸ்கிரிப் போட்டுட்டு ஒரு மழை நாள் ஓட்டிப் பாருங்க, அப்பவும் வேணும்னு தோணினா பேசுவோம்.

ரிம் விஷயம்: அலுமினியம்தானே? கார்பன்னா ஓட்டாதீங்க, விரிசல் உள்ளே ஓடியிருக்கும். அலுமினியம்னா மடங்கின இடத்துல விரலை வெச்சுத் தடவிப் பாருங்க. நகம் சிக்குற மாதிரி கோடு இருந்தா விரிசல், மாத்தித்தான் ஆகணும். வெறும் மடிப்புன்னா இடுக்கியில துணி சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்திடலாம். ஒரே இழுப்புல நிமிர்த்தினா உடைஞ்சிடும். டயரோட விளிம்பு உக்கார்ற பள்ளம் சரியா இருந்தா காத்து நிக்கும். போட்டோ ஒன்னு போடுங்க.

டயர் மாட்டும்போது பக்கச்சுவர்ல இருக்கிற அம்புக்குறி பாருங்க. அவசரத்துல திருப்பி மாட்டிட்டு வந்தவங்க என்கிட்ட நிறைய பேர். விளிம்புல சோப்புத் தண்ணி தடவுங்க, காத்து அடிக்கும்போது "டப், டப்"னு ரெண்டு பக்கமும் உக்கார்ற சத்தம் கேக்கணும். ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு டயர்ல சுத்தி வரும், அது எல்லா இடத்துலயும் ஒரே உயரத்துல தெரியணும். எங்கயாவது உள்ளே போயிருந்தா அங்க உக்காரலை, காத்தை இறக்கிட்டு மறுபடி சோப்புத் தண்ணி. சீலன்ட் சக்கரத்துக்கு 120 மில்லி விடுங்க. டி.எச். டயர் உள்ளே பெரிசு, சின்ன பாட்டில்ல பாதி விட்டா சுவரை நனைக்கவே போதாது. கோடையில ரெண்டு மாசத்துல காஞ்சுடும். சக்கரத்தைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க, தண்ணி அலம்புற சத்தம் கேக்கலைன்னா மறுபடி விடணும்.

பர்னபி பாலா

போட்டோ போட்டிருக்கேன் அண்ணா. அலுமினியம்தான், நகம் சிக்கலை.

டயர் வாங்கிட்டேன். முன்னாடி நீங்க சொன்ன அதேதான். பின்னாடி டி.எச்.ஆர். 2 அந்த அளவுல மேக்ஸ்டெரா டபுள் டவுன் மட்டும் கடையில இருந்துச்சு, இருபது டாலர் குறைவும் கூட. கையில எடுத்து மடிச்சுப் பார்த்தேன், மடங்குச்சு. வேண்டாம்னுட்டு டி.எச். கேசிங் மேக்ஸ்கிரிப்புக்குச் சொல்லிட்டு வந்தேன், வியாழக்கிழமை வரும். கேஜும் வாங்கியாச்சு. வீட்டு பம்ப் 28 காட்டினப்போ கேஜ் 25 காட்டுது. அப்படின்னா அன்னைக்கு நான் எவ்வளவு காத்துல பாறைக்குள்ள போனேன்னு நினைச்சாலே பயமா இருக்கு.

ஞாயித்துக்கிழமை போறேன். ஷ்லேயர் வேண்டாம், பி-லைனும் கிராங்க் இட் அப்ங்கிற பாதையும் மட்டும்.

ஸ்குவாமிஷ் சேகர்

போட்டோ பார்த்தேன். அது வெறும் மடிப்புதான், நிமிர்த்திடலாம். நிமிர்த்தாம அது மேல புது டயர் மாட்டாதீங்க, விளிம்பு அந்த இடத்துல சரியா உக்காராது. வியாழக்கிழமை டயர் வந்ததும் சனிக்கிழமை சக்கரத்தோட ஸ்குவாமிஷ் வந்துடுங்க, வழியிலதானே. சேர்ந்தே மாட்டிடலாம், சீலன்ட் என்கிட்ட இருக்கு.

ஞாயித்துக்கிழமை நானும் பொண்ணும் வர்றோம். லிஃப்ட் திறக்க அரை மணி நேரம் முன்னாடி வந்துடுங்க, காத்தைச் சேர்ந்தே அளந்துட்டு ஏறுவோம். கேஜ் மறக்காம எடுத்துட்டு வாங்க.